கோதுமை மாவும் ஒரு குளிசையும்

படுவான்கரையில் ஆனி, ஆடி மாதங்களிற் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மனிதர் மரநிழலைத் தேடுவர். எருமைகள் குளத்து நீரைவிட்டு எழமாட்டா. 2021ஆம் ஆண்டின் கச்சான் காலத்தில், அதுவும் நண்பகல் வேளையில், என் தாயார் போர்வையொன்றைத் தோளிற் சுற்றிக்கொண்டு அடுப்படியிற் குந்தியிருந்தார். குளிர்கிறது என்றார். நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைக்க இன்றும் எனக்குக் கூச்சமாயிருக்கிறது.

குளிர் வருவதற்கு முன்னரே வேறு பல அறிகுறிகள் தோன்றியிருந்தன. தலைமயிர் கொத்துக் கொத்தாகச் சீப்பில் வந்தது. குரல் தடித்தது. முன்பள்ளியில் இருபத்திரண்டு பிள்ளைகளின் பெயர்களையும் வரவேட்டைப் பாராமலே சொல்லக்கூடியவர், தம் வகுப்புப் பிள்ளையொன்றை வீதியிற் கண்டு பெயர் வராமல் நின்றார். "வயசு போகுது கா, வேறென்ன" என்று அம்மம்மா சொன்னார். அம்மாவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. இறுதியில் அப்பாவின் வற்புறுத்தலால் வாவியைக் கடந்து நகரத்து வைத்தியசாலைக்குச் சென்றபோது இரத்தத்திலே ரீ.எஸ்.எச். என்னும் ஓமோனின் அளவைச் சோதித்தனர். ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இருக்கவேண்டிய எண், 38 என்று வந்தது.

அந்த எண் கூடினால் நோய் கூடுகிறதா, குறைகிறதா என்பது எங்கள் வீட்டில் எவருக்கும் முதலில் விளங்கவில்லை. கழுத்தின் முன்புறத்திலுள்ள கேடயச் சுரப்பி சுரக்கும் தைரொக்சினே உடலின் வேகத்தை நிருணயிக்கிறது. அச்சுரப்பியை ஏவுவது மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி. அதன் ஏவற்குரலே ரீ.எஸ்.எச். மண்முனைத் துறையில் 2014இற் பாலம் திறக்கப்படுமுன் 'பாதை'யிலேறி வாவியைக் கடந்தவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். அக்கரையிற் பாதைக்காரன் விழிப்பாயிருந்தால் இக்கரையில் நிற்பவன் ஒருமுறை கூப்பிட்டாற் போதும். அவன் உறங்கிவிட்டாலோ கூப்பாடு உயர்ந்துகொண்டே போகும். அம்மாவின் இரத்தத்தில் 38 என்று கேட்டது அந்தக் கூப்பாடுதான்.

சுரப்பி ஏன் உறங்கிற்று? அயடீன் குறைவு உலகெங்கும் பெருங்காரணமாயிருந்தது. இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாக்கப்பட்டுள்ளது. அயடீன் போதியளவு கிடைக்கும் நாடுகளிலே முதற்காரணம் வேறு. உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனம் தன் வீட்டுச் சுரப்பியையே அயலானென்று கருதிப் பிறபொருளெதிரிகளை உண்டாக்கி அதனைச் சிறுகச் சிறுக அழிக்கிறது. இந்நோயை 1912இல் முதன்முதலாக விவரித்தவர் அக்காரு அசிமோட்டோ என்னும் யப்பானிய இளம் வைத்தியர். நான்கு பெண்களின் சுரப்பிகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து ஜேர்மன் மொழியில் எழுதினார். பின்னர் தம் ஊருக்கே திரும்பி, சாதாரண வைத்தியராக வாழ்ந்து, 1934இல் நெருப்புக் காய்ச்சலால் இறந்தார். அவர் பெயரை அந்நோய் இன்றும் தாங்குகிறது. அம்மாவுக்கு வந்ததும் அதுவே.

மருந்து எளியது: நாளுக்கு ஒரு தைரொக்சின் குளிசை. ஐம்பது மைக்கிரோகிராமில் தொடங்கி எழுபத்தைந்துக்கும், பின் நூறுக்கும் உயர்த்தினர். எண் இறங்கிற்று, ஆனால் அடங்கவில்லை. 14, 9, மீண்டும் 11 என்று கிளினிக் கொப்பியில் அது ஏறி இறங்கியது. "குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டனர். "ஒருநாளும் தவறவிட்டதில்லை" என்று அம்மா சொன்னார். அது முழு உண்மை. அந்த உண்மைக்குள்ளே ஒளிந்திருந்த இன்னொன்றை எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இந்நிலையிலேதான், 2023 வைகாசியில், ரொரன்ரோவிலிருந்து சின்னம்மா தொலைபேசியில் அழைத்தார். அவருக்கும் இதே வியாதி. கோதுமையை அடியோடு விட்டுவிட்டாராம். ஆறு மாதத்திற் புது மனுஷியாகிவிட்டாராம். கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் பசைப்புரதமே எல்லாவற்றுக்கும் வேர் என்றார். "அக்கா, பாணை விடு. பிறகு பார்" என்றார்.

அம்மா என்னிடம் கேட்டார். நான் பல்கலைக்கழகத்துப் பிள்ளை. தேடி வாசித்துச் சொல்லவேண்டியவள். வாசித்தேன். குளூட்டனை விட்டவர்கள் எழுதிய மகிழ்ச்சிக் கதைகள் எண்ணிறந்து கிடைத்தன. எப். எக்ஸ். சி. நடராசா 1962இற் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தின் ஆண்டுக் கணக்குகளை, மூலம் எது, எழுதியவன் யார், எதற்காக எழுதினான் என்று துருவித் துருவிக் கேட்காமல் ஏற்கக்கூடாதென்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். தாயின் உடலைப் பற்றிய செய்தியில் அக்கேள்விகளில் ஒன்றையேனும் நான் கேட்கவில்லை. "விட்டுப் பாருங்கள் அம்மா, கெடுதல் இல்லையே" என்றேன்.

கெடுதல் இல்லைதான். ஆனால் மாவை விடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை விட்ட பின்னரே அறிந்தோம். நெல் விளையும் ஊர் எங்களுடையது. சொந்த வயலிலே அப்பா இரண்டு போகமும் செய்கிறார். கண்ணகியம்மன் சடங்குக்குப் பெண்கள் கூடி நெற்குற்றும் மண் இது. அப்படியிருந்தும் எங்கள் காலையுணவிற் பாதிக்குமேல் கோதுமையாயிருந்தது. திங்கள் பாண், செவ்வாய் றொட்டி, புதன் அவித்த கோதுமை மாவிற் பிட்டு, வியாழன் மீண்டும் பாண். கடை இடியப்பத்திலும் அந்த மா கலந்திருந்தது. மாலையிற் பிசுக்கோத்து, விருந்தாளி வந்தாற் றோல்ஸ், நகரத்துக்குப் போனாற் கொத்து றொட்டி. இரசத்துக்கு இடும் பெருங்காயத் தூளிலேகூடக் கோதுமை மா சேர்க்கப்படுவதுண்டு என்பதைப் பெட்டியின் சிறு எழுத்தை வாசித்து அறிந்தபோது அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

இந்த மா எப்படி எங்கள் வீட்டுக்குள் வந்தது என்று அம்மம்மாவைக் கேட்டேன். அவர் சொன்னது ஒரு தனி வரலாறு. பாண் என்ற சொல் போர்த்துக்கேயரோடு வந்தது, அது பழங்கதை. அம்மம்மாவின் சிறுபராயத்திற் பாண் காய்ச்சற்காரருக்கு வாங்கும் பொருள். பின்பு 'அமெரிக்கன் மா' கூப்பன் கடைக்கு வந்தது. 1978 கார்த்திகை 23ஆம் நாட் சூறாவளி வீட்டுக் கூரையையும் தென்னைகளையும் களஞ்சிய நெல்லையும் ஒன்றாகக் கொண்டுபோன பின், நிவாரணமாகக் கிடைத்தது மா. 1990இல் ஊரைவிட்டு ஓடி அகதி முகாமிலே தங்கியபோது கிடைத்தது மா. 2004 மார்கழி 26இற் கடல் பொங்கிய பின், எழுவான்கரை உறவினர் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோதும், பங்கிட்டு உண்டது மா. "அரிசி நம்மட நல்ல காலத்துக்கு, மா நம்மட கெட்ட காலத்துக்கு" என்றார். 1980 முதல் திருகோணமலைச் சீனக்குடாவிலே பேராலையொன்று இறக்குமதிக் கோதுமையை அரைத்துவருகிறது. இந்நாட்டிற் கோதுமை விளைவதில்லை. ஆயினும் மா எங்கள் வீட்டில் நிலைத்ததற்கு ஆலை மட்டும் காரணமன்று. அரிசியை ஊறவைத்து, வடித்து, இடித்து அல்லது ஆலைக்குக் கொண்டுபோய் அரைத்து, வறுத்து, அரித்து எடுக்க ஒரு பெண்ணின் அரைநாள் வேண்டும். பொதியை வெட்டினால் மா. ஏழு மணிக்கு முன்பள்ளிக்குப் புறப்படும் என் தாயாரிடம் அந்த அரைநாள் இருக்கவில்லை.

ஆகவே கோதுமையை விட்டதும் வீட்டின் ஒழுங்கு முழுவதும் குலைந்து வேறோர் ஒழுங்கு வந்தது. சனிக்கிழமைகளிலே தம்பி சைக்கிளில் அரிசியை ஆலைக்குக் கொண்டுபோனான். மா வறுக்கும் வேலையை அம்மம்மா எடுத்துக்கொண்டார். அதிகாலையில் அப்பா திருவலையில் அமர்ந்து தேங்காய் திருவினார். இருபத்திரண்டு ஆண்டு இல்லறத்தில் அவர் திருவலையில் அமர்ந்ததை நான் கண்டதில்லை. அயலவர் இதனை ஒருவகை நேர்த்தி என்றே கொண்டனர். "எந்தக் கோயிலுக்குப் புள்ள விரதம்?" என்று கேட்டனர். அம்மாவும் விளக்கஞ் சொல்லிக் களைத்து, "மா விரதம்" என்று சொல்லிவிடுவார். கலியாண வீடுகளிலே அந்தச் சொல் நன்கு உதவிற்று. விரதகாரரை எவரும் வற்புறுத்துவதில்லை.

இடையில் ஒரு சிறு தவறும் நேர்ந்தது. பாணின் இடத்தை நிரப்ப மரவள்ளியை நாளாந்தம் அவித்தோம். அயடீன் குறைந்த இடங்களில் மரவள்ளியை மிகையாக உண்பது கேடயச் சுரப்பியை வருத்துமென்பது ஆபிரிக்காவின் கொங்கோ நாட்டு ஆய்வுகளில் நிறுவப்பட்ட செய்தி. உப்பில் அயடீன் உள்ள எங்கள் வீட்டில் அதனால் தீங்கு நேர்ந்திருக்காது. எனினும் சுரப்பிக்கு உதவுவதாக எண்ணி நாளும் மரவள்ளி அவித்த எங்கள் அறிவை என்னென்பது!

ஆவணியிற் சோதித்தபோது ரீ.எஸ்.எச். 3.4. முதன்முறையாக எண் அடங்கியிருந்தது. அம்மாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. போர்வை பெட்டிக்குட் போயிற்று. ரொரன்ரோவுக்கு அன்றே அழைத்து நன்றி சொன்னோம். நான் விடுதிக்குத் திரும்பியபோது தோழியரிடம் ஏதோ நானே கண்டுபிடித்த மருந்துபோல இதனைக் கூறிப் பெருமைப்பட்டேன்.

பிறகு நடந்தது இது. நோய்க்கு வேர் மாவென்றால், மா போன பின் குளிசை எதற்கு என்று அம்மா எண்ணினார். அவருடைய தருக்கத்திற் பிழையில்லை. நாங்கள் கொடுத்த முதற்கூற்றிலேதான் பிழை. கார்த்திகையில் எவரிடமும் சொல்லாமற் குளிசையை நிறுத்தினார். தைரொக்சின் உடலிற் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாள் செல்லும். ஆதலால் நிறுத்திய மறுநாளோ மறுவாரமோ ஒன்றும் தெரியாது. முதற் சில வாரங்கள் அவருக்கு நலமாகவே கழிந்தன. தம் எண்ணம் சரியென்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்? மார்கழி மழையிற் குளிர்ந்ததை மழையென்றே கருதினார். தையிற் கால்கள் வீங்கின. நான் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் குரல் மெல்ல மெல்லத் தாழ்ந்து, சொற்களுக்கிடையே இடைவெளி நீண்டது. பரீட்சைக் காலம், எனக்கு அது கேட்கவில்லை. கேட்டும் கேளாதிருந்தேன் என்பதே சரி.

2024 மாசியில் வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலுக்கு வரவில்லை. முகம் ஊதிக் கண்ணிமைகள் தடித்திருந்தன. என்னைப் பார்த்து, நெடுநேரம் தேடியெடுத்ததுபோல என் பெயரைச் சொன்னார். பாயின் அருகே மூன்று மாதக் குளிசைகள் உறை பிரிக்கப்படாமற் கிடந்தன. மறுநாட் சோதனையில் எண் 61.

அன்று வைத்தியசாலையில் எங்களைப் பார்த்தவர் ஓர் இளம் வைத்தியர். அவர் கடியவில்லை. அம்மா மாவை விட்ட கதையை முழுவதும் கேட்டுவிட்டு, எவரும் அதுவரை கேளாத வினாவொன்றைக் கேட்டார்: "அம்மா, முந்தி எத்தனை மணிக்குக் குளிசை போட்டீங்க? எதோட போட்டீங்க?"

பால் தேநீரோடு, என்றார் அம்மா. பாணைக் கடித்துக்கொண்டே. காலை ஆறேகாலுக்கு, எல்லாருக்கும் உணவு கட்டும் அவசரத்தில், இரண்டு ஆண்டுகளும் அப்படியே.

மாவை விட்ட பின்பு? ஐந்து மணிக்கு எழுந்ததும் வெறுந்தண்ணீரோடு. பிட்டு அவிந்து இறங்க ஆறரையாகும் அல்லவா, அதுவரை வாயில் ஒன்றும் வைப்பதில்லை.

வைத்தியர் கிளினிக் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினார். தைரொக்சின் வெறுவயிற்றில் நீருடன் உட்கொள்ளப்படவேண்டிய மருந்து. உணவுக்கும் அதற்கும் அரைமணி முதல் ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். பாலும் தேநீரும் இரும்புச்சத்துக் குளிசையும் சுண்ணாம்புச்சத்துக் குளிசையும் அது குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். அம்மாவின் நூறு மைக்கிரோகிராமில் எவ்வளவு உடலைச் சேர்ந்ததோ! கோதுமை போனதாற் குணம் வந்ததென்று நாங்கள் கொண்டாடிய மாதங்களிலே உண்மையில் வந்து சேர்ந்தது அந்த ஒன்றரை மணி நேர இடைவெளிதான். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையைச் சிறுவயது முதற் கேட்டும், நாங்கள் காகத்துக்கே நன்றி சொல்லியிருந்தோம்.

அப்படியானாற் குளூட்டன் கதை முழுப்பொய்யா என்று கேட்டேன். இல்லை என்றார் அவர். அதிலும் ஓர் உண்மை உண்டு. சீலியாக்கு என்னும் நோயுடையவர்கள் குளூட்டனை உண்டாற் சிறுகுடலின் சடைமுளைகள் சிதையும். சத்துக்களோடு குளிசையும் உறிஞ்சப்படாமற் போகும். அவர்கள் கோதுமையை விட்டே ஆகவேண்டும். விட்டாற் குடல் தேறும், பலருக்குத் தைரொக்சின் அளவைக் குறைக்கவும் முடியும். கேடயச் சுரப்பியைத் தாக்கும் இந்நிர்ப்பீடன நோயுள்ளவர்களிடையே சீலியாக்கு மற்றவர்களிலும் அதிகமாகக் காணப்படுவதும் உண்மை. அந்நோய் இல்லாதவர்களுக்குக் கோதுமையை விடுவது சுரப்பியைத் தேற்றும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சிறிய ஆய்வுகள் சில வெவ்வேறு முடிபுகளைத் தந்துள்ளன, அவ்வளவே.

பின்னர் நானே நூலகத்தில் இருந்து வாசித்தேன்; இம்முறை கேள்விகளோடு. இந்தியாவில் 23,000 பேருக்கு மேற்பட்ட வளர்ந்தோரைச் சோதித்து 2016இல் வெளிவந்த ஆய்வொன்று, சீலியாக்கு நோய் வடக்கில் நூற்றுக்கு 1.23 பேருக்கும், வடகிழக்கில் 0.87 பேருக்கும், தெற்கில் 0.10 பேருக்கும் இருந்ததாகக் கூறுகிறது. நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணு மூன்று பகுதியாரிடமும் ஏறத்தாழ ஒரே அளவிலேயே இருந்தது. வேறுபட்டது தட்டிலிருந்த உணவு: வடக்கில் நாளுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம். அரிசியுண்ணும் எங்களுக்கு இந்நோய் அரிது என்பதோடு, அரிசியை விட்டுப் பாணுக்கு மாறிவரும் எங்களுக்கு அது என்றும் அரிதாகவே இருக்குமா என்ற ஐயமும் இதில் அடங்கியிருக்கிறது.

கோதுமையே குற்றவாளியென்று கண்டறியப்பட்ட வரலாறும் என்னை நெடுநேரம் நிறுத்தியது. ஒல்லாந்துக் குழந்தை வைத்தியரான வில்லெம் டிக்கே முன்னரே கோதுமையை ஐயுற்றிருந்தார். 1944–45 பனிக்காலத்தில், போர் முற்றுகையால் அந்நாட்டிற் பாண் அற்றுப்போன பஞ்ச நாட்களில், சீலியாக்குக் குழந்தைகள் தேறினர். பாண் மீண்டும் கிடைத்தபோது நலிந்தனர். 1950இல் அவர் தம் ஆய்வேட்டில் இதனை நிறுவினார். அங்கே கெட்ட காலம் பாணை எடுத்துச் சென்று சில குழந்தைகளைக் காத்தது. எங்கள் கெட்ட காலங்களோ அம்மம்மா சொன்னபடி மாவைக் கொண்டுவந்து எங்களைக் காத்தன. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தபோது அம்மம்மாவின் மாவைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவுக்குச் சீலியாக்கு உண்டா என்று அறியவேண்டியிருந்தது. அதிலும் ஒரு சிக்கல். அந்தப் பிறபொருளெதிரிச் சோதனை கோதுமை உண்பவர்களுக்கே பொருந்தும். நீண்டகாலம் விட்டவர்களின் இரத்தத்தில் அச்சுவடு மறைந்துவிடும். சோதித்த பின் விட்டிருக்கவேண்டும். நாங்கள் விட்ட பின் சோதிக்க வந்தோம். ஆதலால் ஆறு வாரம் நாள்தோறும் பாண் உண்ணுமாறு வைத்தியர் சொன்னார். அம்மா அஞ்சினார். முதல் நாட் பாணைக் கையில் வைத்துக்கொண்டு, விரதம் முறிப்பவரைப்போலச் சுவாமிப் படத்தைப் பார்த்தார். குளிசை ஐந்து மணிக்கு, வெறுந்தண்ணீரோடு, பாண் ஆறரைக்கு. ஆறு வாரங்களின் பின் இரத்தத்தைக் கொழும்பிலுள்ள தனியார் ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பினோம். சீலியாக்கு இல்லையென்று வந்தது. நாள்தோறும் பாண் உண்டுகொண்டே, ஆனியில் ரீ.எஸ்.எச். 2.9.

இம்முடிவைச் சொல்லச் சின்னம்மாவை அழைத்தபோதுதான் அவர் கதையின் மற்றப் பாதி தெரிந்தது. ரொரன்ரோவில் அவருக்குக் குடலிலிருந்து இழையம் எடுத்துச் சோதித்துச் சீலியாக்கு என்று உறுதிசெய்த பின்னரே கோதுமையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். "நான் சொன்னேனே" என்றார். சொல்லியிருக்கலாம், தொலைபேசி அன்று விட்டு விட்டுக் கேட்டது. குளிசையையும் அவர் ஒருநாளும் நிறுத்தவில்லை. உடன்பிறந்தாருக்கு அந்நோய் வரும் வாய்ப்புக் கூடுதல் என்பதால் அம்மாவைச் சோதிப்பித்தது எப்படியும் நல்லதே.

இப்போது எங்கள் வீட்டிற் கோதுமைக்குத் தடையில்லை. முன்பள்ளியிற் பிறந்தநாட் கேக்கை அம்மா மறுப்பதில்லை. ஆயினும் காலையிற் பெரும்பாலும் அரிசி மாப் பிட்டுத்தான். மா விரதம் முடிந்த அன்று அப்பா திருவலையைப் பழைய மூலையிற் கொண்டுபோய் வைத்தார். அம்மா அதனை மீண்டும் எடுத்து அவருடைய இடத்தில் வைத்தார். ஐந்து மணிக்குக் குளிசையை விழுங்கிவிட்டு, பிட்டு அவியும்வரை திண்ணையில் அமர்ந்திருக்கிறார். அந்த வேளையில் வாவிப் பக்கமிருந்து தோணிகள் கரைசேரும் ஓசை வரும். என்ன செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்டும் இல்ல மகள்" என்றார். அடுத்த மாதம் எனக்கும் இரத்தம் சோதிக்கவேண்டும் என்று அவரே நாட் குறித்து வைத்திருக்கிறார்.